சும்மா நின்ற டிரான்ஸ்ஃபார்மருக்கு ஏன் காய்ச்சல்?

நம்ம சிலபஸ்ல எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கிடைக்கிற இடம் அரைப் பக்கம். ‘ஜிக்ஜாக் இணைப்பை வரைக’ என்று இரண்டு மார்க் கேள்வி வரும். படத்தைப் போட்டுவிட்டு எல்லாரும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். போன லீவில் இன்டர்ன்ஷிப்புக்காகத் தென் மாவட்டத்தில் ஒரு சோலார் பண்ணையில் ஒரு மாதம் இருந்தேன். அதில் நாலு நாள் முழுக்க அந்த அரைப் பக்கத்தோடுதான் குடித்தனம். அந்த நாலு நாள் கதை இது. மெக்கானிக்கல், சிவில் மக்கள் பயந்து ஓட வேண்டாம், தேவையானதை வழியிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளணும். பண்ணை என்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கருவேலங்காட்டை அழித்துவிட்டு நிறுத்திய பேனல்கள். அதைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் இன்வெர்ட்டர்கள் டிசியை ஏசி ஆக்கும். பக்கத்திலேயே இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் அதை 33 கேவிக்கு ஏற்றும். அங்கிருந்து நிலத்தடி கேபிள் வழியாகப் பூலிங் சப்ஸ்டேஷன். அங்கே ஒரு பெரிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 33-ஐ 110 கேவி ஆக்கி கிரிட்டுக்கு அனுப்பிவிடும். இதுவரை ஈஸி.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரின் 33 கேவி பக்கம் டெல்டா. பிளாக்குகளில் இருக்கிற சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களுக்கும் 33 கேவி பக்கம் டெல்டாதான். டெல்டாவில் நியூட்ரல் கிடையாது. ஆக, 33 கேவி நெட்வொர்க் முழுக்க எங்கே தேடினாலும் மண்ணோடு கட்டிவைக்க ஒரு புள்ளி இல்லை. கட்டாமல் விட்டால் என்ன? ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டால் கரண்ட் ஒழுங்காகத் திரும்பிவர வழி இருக்காது, ரிலேவுக்கு எந்த ஃபீடரில் ஃபால்ட் என்று தெரியாது. மற்ற இரண்டு ஃபேஸும் மண்ணிலிருந்து 19 கேவி தள்ளி நிற்க வேண்டியவை, 33 கேவிக்கு ஏறிவிடும். இன்சுலேஷன் எங்கே பலவீனமோ அங்கே அடுத்தது வெடிக்கும்.

இல்லாத அந்த நியூட்ரலை உருவாக்கித் தருவதுதான் எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மரின் வேலை. அதன் ஒவ்வொரு லிம்பிலும் இரண்டு அரைச்சுற்றுகள் இருக்கும். ஆர் ஃபேஸின் முதல் பாதி ஒரு லிம்பில், மறுபாதி அடுத்த லிம்பில் திருப்பி இணைத்தபடி. ஒய், பி இரண்டுக்கும் அப்படியே. சாதாரண மூன்று ஃபேஸ் வோல்டேஜுக்கு அது ஒரு மூடின கதவு, துளி மேக்னடைசிங் கரண்ட் மட்டும் உள்ளே போகும். ஆனால் மூன்று ஃபேஸிலும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் கரண்ட் வந்தால், புத்தகத்தில் ஜீரோ சீக்வென்ஸ் என்பார்களே அது வந்தால், ஒவ்வொரு லிம்பிலும் இரண்டு பாதிகளும் எதிரெதிராகத் தள்ளி ஃப்ளக்ஸ் ரத்தாகிவிடும். கதவு திறந்த மாதிரி. கரண்ட் நேராக நியூட்ரலுக்கு வந்து, அங்கே மாட்டியிருக்கிற ரெசிஸ்டர் வழியாக மண்ணுக்குப் போகும்.

நான் போன இடத்தில் அந்த ரெசிஸ்டர் 63.5 ஓம். 19,050 வோல்ட்டை அதால் வகுத்துப் பாருங்கள், 300 ஆம்பியர் வரும். டிரான்ஸ்ஃபார்மரின் நேம்பிளேட்டிலும் அதேதான்: 300 ஆம்பியர், 30 நொடி. அதுக்குக் கீழே சின்னதாக இன்னொரு வரி: தொடர்ச்சியாக 5 ஆம்பியர். இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் இந்தக் கதை முழுக்க நடக்கிறது. தீயணைப்பு வண்டி மாதிரி ஒரு மெஷின் அது. வருஷத்தில் ஏதோ சில தடவை, சில நொடிகள் உயிரைக் கொடுத்து ஓடும். மீதி நேரமெல்லாம் யார்டு மூலையில் சும்மா நிற்கும். யாருக்கும் சப்ளை கொடுக்காது.

சும்மா நிற்கிற அதுக்குத்தான் காய்ச்சல்.

நான் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மத்தியானம் கண்ட்ரோல் ரூமில் அலாரம். ‘எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் டெம்ப்பரேச்சர் ஹை’. 85 டிகிரியில் அலாரம் செட் பண்ணியிருந்தார்கள். ஆபரேட்டர் அண்ணன் எழுந்துகூடப் பார்க்கவில்லை. “இது பத்து நாளா இப்படித்தான் தம்பி, உச்சி வெயிலுக்கு அடிக்கும், நாலு மணிக்கு அடங்கிடும்” என்றார். யார்டில் போய்ப் பார்த்தால் ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு பெடஸ்டல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. செக்யூரிட்டி ரூமில் இருந்து எடுத்து வந்ததாம்.

ஷிப்ட் இன்ஜினியர் சார் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. வெளியே இருந்து பார்க்கக்கூடியதெல்லாம் பார்த்திருந்தார். ஆயில் லெவல் சரி. சிலிக்கா ஜெல் நீலமாகவே இருக்கிறது. ரேடியேட்டர் வால்வுகள் திறந்தே இருக்கின்றன. சில சமயம் கமிஷனிங்கில் மூடினபடியே விட்டுவிடுவார்களாம், அதனால் அதை முதலில் பார்க்கணும். டெம்ப்பரேச்சர் மீட்டரே பொய் சொல்கிறதோ என்று தெர்மாமீட்டர் பாக்கெட்டில் தனியாக ஒரு தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தார். இரண்டு டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான். சூடு நிஜம்.

அவருடைய முடிவு என்னவென்றால், உள்ளே வைண்டிங் அடிபட்டிருக்கிறது. காரணமும் இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் இரண்டாவது ஃபீடரில் ஒரு மயில் கேபிள் முனையில் உட்காரப் போய் எர்த் ஃபால்ட் ஆகி ட்ரிப் ஆனது. (அந்தப் பக்கம் மயில் தொல்லை எவ்வளவு என்று அங்கே இருந்தவங்களுக்குத்தான் தெரியும். நம்ம ஊர் காக்கா மாதிரி.) லாக் புக்கைப் புரட்டினால் அன்று வரை 50 டிகிரியைத் தாண்டாத எண்ணெய், மறுநாளில் இருந்து 80-க்கு மேல். மயில் விழுந்த நாளும் சூடு ஏறின நாளும் ஒன்று. 300 ஆம்பியர் பாய்ந்ததில் டர்ன்கள் ஏதோ ஒட்டிக்கொண்டன, புதுசு வாங்கணும் என்று ரிப்போர்ட் தயாராகிக்கொண்டிருந்தது. கேட்கும்போது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் ஹெட் ஆபீஸோடு ஸ்பீக்கர் ஃபோனில் மீட்டிங். இரண்டு யோசனை வந்தது. ஒன்று, புதுசு வரும் வரை அலாரத்தை 95-க்கு ஏற்றி வைப்போம். இரண்டாவது யோசனையைச் சொன்னவர் குரல் இன்னும் ஞாபகம் இருக்கிறது, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்: “அதுல லோடு ஒண்ணும் இல்லைல்ல? அப்ப ஆஃப் பண்ணி வச்சிடுங்களேன்.”

லோடு இல்லாததை ஆஃப் பண்ணினால் என்ன நஷ்டம் என்று தோன்றும். அந்தப் பண்ணையில் மொத்தம் சுமார் 40 கிலோமீட்டர் 33 கேவி கேபிள். கேபிள் என்பது உள்ளே கண்டக்டர், வெளியே எர்த் செய்த ஸ்க்ரீன், நடுவில் இன்சுலேஷன். அப்படியென்றால் அது ஒரு நீளமான கெப்பாசிட்டர். அங்கே போட்டிருந்த 300 ஸ்கொயர் எம்எம் கேபிளுக்குக் கிலோமீட்டருக்கு சுமார் 0.21 மைக்ரோஃபாரட், ஃபேஸுக்கு 1.25 ஆம்பியர் சார்ஜிங் கரண்ட். எர்த்திங் இல்லாத நேரத்தில் ஒரு ஃபேஸ் மண்ணைத் தொட்டால் 40 கிலோமீட்டரின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து அந்த இடத்தில் 150 ஆம்பியர் பக்கம் கொட்டும். ஆர்க் அணைந்து அணைந்து பற்றும், ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் எகிறும். ஒரு மயிலில் முடிய வேண்டியது பத்து டெர்மினேஷன் வெடிப்பதில் முடியலாம். ஷிப்ட் சார் இதைச் சொல்லி மறுத்தார். அதுக்கு அவருக்கு ஒரு சல்யூட். எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மரை எடுக்கணும்னா 33 கேவி மொத்தத்தையும் எடுத்தாகணும் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். சரி, புதுசு ஆர்டர் போடுமுன் ஒரு தடவை பார்க்கட்டும் என்று ஒருவரை அனுப்பினார்கள்.

வந்தவர் மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனவர். எல்லாரும் ஏ.இ. சார் என்றே கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பையில் ஒரு சின்ன மில்லி ஆம்பியர் டாங் டெஸ்டர். வந்ததும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்க்கப் போவார் என்று நினைத்து ஹெல்மெட்டை எடுத்து நின்றேன். அவர் கண்ட்ரோல் ரூமில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து லாக் புக்கைக் கேட்டார்.

“தம்பி, நேத்து மத்தியானம் எவ்வளவு?”

“84 சார்.”

“வெளி வெப்பம்?”

“38.”

“ராத்திரி மூணு மணிக்கு?”

“71. வெளியே 27 சார்.”

“கழிச்சுப் பாரு.”

46, 44. பகலோ ராத்திரியோ, எண்ணெய் காற்றைவிட ஏறக்குறைய 45 டிகிரி மேலேயே நிற்கிறது. பக்கத்திலேயே இருக்கிற பவர் டிரான்ஸ்ஃபார்மரின் எண்களை வாசிக்கச் சொன்னார். அது சூரியனோடு ஏறி, சூரியனோடு இறங்குகிறது. ராத்திரியில் ஏறக்குறைய குளிர்ந்துவிடுகிறது. “இவன் மட்டும் தூங்கவே மாட்டேங்கிறான் பாரு. சோலார் பண்ணையில ராத்திரிக்கு வேலை செய்யறது எது?” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

இந்த ஒரு கழித்தல் கணக்கிலேயே பாதி சந்தேகங்கள் உதிர்ந்துவிட்டன என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. இன்வெர்ட்டர் ஹார்மோனிக்ஸ் என்றால் பகலில் மட்டும் சுடணும். வெயில் காரணம் என்றால் ராத்திரி இறங்கணும். மத்தியானம் 85-ஐத் தொட்டு அலாரம் அடிப்பதால்தான் எல்லாரும் அதை வெயில் கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள்.

மயில் விஷயத்தையும் அங்கேயே முடித்தார். ரிலேயில் ஃபால்ட் ரெக்கார்டைப் பார்த்தால் அன்று ஃபால்ட் அரை நொடியில் கிளியர் ஆகியிருந்தது. 300 ஆம்பியரை 30 நொடி தாங்குகிற மெஷினுக்கு அரை நொடி என்பது அறுபதில் ஒரு பங்கு. “இதுக்கெல்லாம் அது சாகாதுப்பா. அதுக்காகப் பொறந்தது அது.”

பிறகு நியூட்ரல் ரிலே. நியூட்ரலில் 300/1 சிடி. ரிலே டிஸ்ப்ளேயை அமுக்கி அமுக்கி மெஷர்மென்ட் பக்கத்துக்குப் போனார். 0.03 என்று நின்றது. எல்லாரும் தினமும் பார்த்த எண்தான் அது. 0.03 என்றால் யாருக்கு என்ன தோன்றும்? கிட்டத்தட்ட பூஜ்யம். அவர் டாங் டெஸ்டரை சிடி செகண்டரி வயரில் மாட்டினார். வயரைக் கழற்றக் கூடாது, சிடி செகண்டரியைத் திறந்தால் உயிருக்கு ஆபத்து, க்ளாம்ப் மட்டும்தான். 33 மில்லி ஆம்பியர். “முந்நூறால பெருக்கு.”

10 ஆம்பியர். நேம்பிளேட்டில் தொடர்ச்சியாக 5 என்று போட்டிருக்கிற மெஷினில் ராப்பகலாக 10. கரண்ட் இரண்டு மடங்கு என்றால் காப்பர் லாஸ் நாலு மடங்கு. ரெசிஸ்டர் பெட்டியிலும் 10-இன் வர்க்கம் பெருக்கல் 63.5, ஆறு கிலோவாட்டுக்கு மேல் வெந்துகொண்டிருக்கிறது. போய் ஐஆர் கன்னால் அடித்துப் பார்த்தோம், பெட்டியின் மேல் கிரில் அடுப்பு மாதிரி கொதித்தது. அந்தப் பெட்டியைப் பத்து நாளாக யாரும் பார்க்கவே இல்லை, ஏனென்றால் அதில் தெர்மாமீட்டரும் இல்லை, அலாரமும் இல்லை.

ஆக, டிரான்ஸ்ஃபார்மருக்கு நோய் எதுவும் இல்லை. யாரோ அதன் வழியாக 10 ஆம்பியரை மண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். எர்த் ஃபால்ட் ரிலே ஏன் தூக்கவில்லை? அதன் செட்டிங் 30 ஆம்பியர். அந்த செட்டிங்கைக் குற்றம் சொல்லவும் முடியாது, அதுக்குக் கீழே வைத்தால் ஸ்விட்சிங் நேரத்திலெல்லாம் சும்மா ட்ரிப் அடிக்கும். பஸ் பிடியின் ஓப்பன் டெல்டாவில்? 10 ஆம்பியர் 63.5 ஓமில் உண்டாக்குகிற 635 வோல்ட், 19,050-இல் 3.3 சதவீதம். எந்த அலாரமும் அதைக் கண்டுகொள்ளாது.

நான் கேட்டேன், “சார், எங்கேயாவது மரம் கிரம் லைன்ல பட்டுட்டு இருக்குமோ?” சிரித்தார். “10 ஆம்பியரை 19 கேவில போட்டுப் பாரு தம்பி. கிட்டத்தட்ட 190 கிலோவாட். எந்த மரம் பத்து நாளா அப்படி எரியும்? ஊரே வந்து நிக்கும்.” எவ்வளவு அழகான வாதம். பவர் எங்கேயும் எரியவில்லை, ஆனாலும் கரண்ட் ஓடுகிறது என்றால் அது வாட் இல்லாத கரண்ட், கெப்பாசிட்டர் கரண்ட். ரிலேயில் இருந்து அலைவடிவத்தையும் லேப்டாப்பில் எடுத்துக் காட்டினார். 20 மில்லி நொடிக்கு ஒரு அலை, வழவழவென்று சுத்தமான 50 ஹெர்ட்ஸ். மூன்றாம் ஹார்மோனிக் என்றால் அதே இடத்தில் மூன்று அலை நெருக்கியடித்து நின்றிருக்கும்.

ராத்திரி ஓடுகிறது, லோடைப் பொறுத்து மாறவில்லை, 50 ஹெர்ட்ஸ், வாட் இல்லை. “கேபிள்தான்” என்றார். “எந்தக் கேபிள்னு இருட்டினப்புறம் பார்ப்போம். பகல்ல 200 ஆம்பியர் ஓடற சத்தத்துல இது கேட்காது.”

அந்த ராத்திரிதான் எனக்கு இந்த ஒரு மாதத்திலேயே பிடித்தது. ஏழரை மணிக்கு ஜெனரேஷன் சுத்தமாக நின்றது. இன்வெர்ட்டர்கள் தூங்கிவிட்டன. ஃபீடர் பேனல்களில் மிச்சம் இருப்பது கேபிள்களின் சார்ஜிங் கரண்டும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்களின் மேக்னடைசிங் கரண்டும்தான். நான் பேனல் பேனலாகப் போய் எண்ணைச் சத்தமாக வாசிக்கணும், அவர் துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார்.

“ஒண்ணு. ஆர் 6, ஒய் 6, பி 6.”

“ம்.”

“ரெண்டு. 7, 7, 7.”

மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் அப்படியே மூன்று எண்ணும் ஒன்றுபோல. ஆறாவது பேனலுக்கு வந்தபோது ஆபரேட்டர் அண்ணன், “அதுல லோடே கிடையாது தம்பி, அது வெறும் கேபிள், விட்டுடு” என்றார். ஆறாவது பிளாக் இன்னும் முடியவில்லை. கேபிள் மட்டும் 8 கிலோமீட்டர் போட்டு முடித்திருந்தார்கள். செத்த கேபிளை மண்ணுக்குள் விட்டால் ராத்திரியோடு ராத்திரி தோண்டி வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதைச் சார்ஜ் செய்து வைத்திருந்தார்கள். திருட்டுக்குப் பயந்து கரண்ட் விட்டுவைப்பது நம்ம நாட்டில் சகஜம்.

“நீ வாசி” என்றார் ஏ.இ. சார்.

“ஆர் 10, ஒய் 10, பி... 0 சார்.”

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

8 கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு 1.25. பத்து ஆம்பியர் சரியாக வந்துவிட்டது. ஆனால் இரண்டு ஃபேஸில் மட்டும். ஒரு வளையத்தை மூன்று பேர் மூன்று திசையில் சம பலத்தோடு இழுத்தால் வளையம் அசையாது. அதுதான் ஒழுங்கான கேபிள், மூன்று சார்ஜிங் கரண்டும் சேர்ந்து பூஜ்யம். ஒருத்தர் கையை விட்டுவிட்டால் மீதி இரண்டு பேரின் இழுப்பும் சேர்ந்து ஒரு ஆள் பலத்துக்கு வளையத்தை எதிர்ப்பக்கம் இழுக்கும். பத்தும் பத்தும் 120 டிகிரியில் சேர்ந்தால் பத்து. அந்தப் பத்து ஆம்பியர் மண் வழியாக, எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் திரும்பி வந்தாக வேண்டும். நெட்வொர்க்கில் வேறு வழியே இல்லை.

இதில் எனக்கு ரொம்ப வினோதமாகப் பட்டது என்னவென்றால், அந்த பேனலில் தப்பான எண் 0. லோடு இல்லாத ஃபீடரில் 0 இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? சந்தேகப்பட்டால் 10-ஐத்தான் சந்தேகப்படத் தோன்றும்.

ஆறாவது பிரேக்கரை ஓப்பன் பண்ணச் சொன்னார். நான் நியூட்ரல் பேனலில் டாங் டெஸ்டரைப் பிடித்தபடி நின்றேன். யார்டில் ‘டக்’. 33 மில்லி ஆம்பியர் ஒன்றரைக்கு விழுந்தது. லாக் புக்கை மறுபடி புரட்டினோம். மயில் விழுந்த அதே நாள், சாயங்காலம் வேறொரு கையெழுத்தில்: ‘ஆறாவது ஃபீடர் சார்ஜ் செய்யப்பட்டது. நோ லோடு.’ ஃபால்ட்டைச் சரிசெய்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்த கையோடு இதையும் முதல் தடவையாகச் சார்ஜ் செய்திருக்கிறார்கள். மயில் பாவம், செத்தும் பத்து நாள் பழி சுமந்தது.

ஷிப்ட் சார் முகத்தில் அப்போதுதான் நிம்மதி வந்தது. எல்லாரும் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். ஏ.இ. சார் மட்டும் உட்காரவில்லை. “அந்த முனையில யார் இருக்கா?” என்று கேட்டார்.

ஆறாவது பிளாக்கில் கான்ட்ராக்டர் ஆட்கள் இருந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கேபிள் முனைகளை ஸ்விட்ச்கியரில் ஏற்றுகிற வேலை. அவர்களின் சூப்பர்வைசருக்கு அப்போதே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். பேச்சு சாதாரணமாகத்தான் போனது. கேபிள் சார்ஜ்ல இருக்கிறது தெரியுமா என்று கேட்டதுக்கு அவர், “இல்லையே சார், டெட்டாத்தானே இருக்கு. பசங்க முந்தாநாள் டெஸ்டர் வச்சுப் பார்த்தாங்களே” என்றார்.

“எந்த கோர்ல வச்சுப் பார்த்தாங்க?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. யாரையோ கூப்பிட்டுக் கேட்கிறார். “முன்னாடி இருக்கிற கோர்ல சார். நீலம்.”

நீலம் என்றால் பி ஃபேஸ்.

கண்ட்ரோல் ரூமில் யாரும் பேசவில்லை. தனித்தனி கோர், ஒவ்வொன்றும் எர்த் செய்த ஸ்க்ரீனுக்குள்ளே. பக்கத்து கோர்களில் 19 கேவி இருந்தாலும் பி கோரில் டெஸ்டர் மினுக்கென்றுகூட எரியாது. அந்தப் பையன்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தொட்ட கோர் நிஜமாகவே செத்துதான் இருந்தது. கையெட்டும் தூரத்தில் மற்ற இரண்டும் உயிரோடு. திங்கட்கிழமை முறைப்படி எல்.சி. வாங்கியிருந்தால் சப்ஸ்டேஷனில் பிரேக்கரை எடுத்து எர்த் போட்டபிறகுதான் வேலை தொடங்கும், ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் ‘கேபிள் டெட்டாத்தானே இருக்கு’ என்று நம்புகிற ஒருத்தர் முனையைச் சும்மா துடைத்து வைக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை போயிருந்தால்?

டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் பண்ணியிருந்தாலோ அலாரத்தை 95-க்கு ஏற்றியிருந்தாலோ அந்த இரண்டு கோர்களும் அப்படியேதான் இருந்திருக்கும், சொல்ல ஆள் இல்லாமல். இது என் கருத்து. ஹெட் ஆபீஸ்காரர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, தூரத்தில் உட்கார்ந்து கேட்டால் எனக்கும் 95 நல்ல யோசனையாகத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை எல்.சி. போட்டு ஆறாவது பிரேக்கரைத் திறந்து பார்த்தார்கள். யார்டில் நிற்கிற பிரேக்கர், மூன்று போலுக்கும் ஒரே மெக்கானிசம். மூடச் சொன்னால் ஷாஃப்ட் சுற்றும், ஒவ்வொரு போலிலும் இன்சுலேட்டட் ராடு ஒன்று உள்ளே இருக்கிற கான்டாக்ட்டைத் தள்ளி மூடும். மூடி வைத்து கான்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் எடுத்தார்கள். ஆர், ஒய் இரண்டிலும் சில பத்து மைக்ரோ ஓம். பி-யில் மீட்டர் ஓப்பன் என்றது. ராடை ஷாஃப்ட்டோடு சேர்க்கிற பின் கழன்று அடியில் கிடந்தது, அதைப் பூட்டி வைக்க வேண்டிய ஸ்ப்ளிட் பின்னைக் காணோம். ‘ஆன்’ என்று காட்டுகிற சிவப்பு இண்டிகேட்டர் ஷாஃப்ட்டில் இருந்து வருவதால் அது பாட்டுக்கு ஆன் என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஷாஃப்ட்டைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஒரு சின்னப் பின், நாலு ரூபாய்கூட இருக்காது. அதுக்காக ஒரு புது எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க ரிப்போர்ட் தயாராக இருந்தது.

பின்னை மாட்டி, மற்ற ஐந்து பிரேக்கர்களிலும் அதே இடத்தைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பச் சார்ஜ் செய்தார்கள். 10, 10, 10. நியூட்ரல் அரை ஆம்பியருக்கும் கீழே. எண்ணெய் உடனே ஆறவில்லை, அத்தனை கிலோ இரும்பும் எண்ணெயும் மெதுவாகத்தான் இறங்கும். அடுத்த நாள் மத்தியானம் 51. ஃபேன் செக்யூரிட்டி ரூமுக்குத் திரும்பிப் போனது.

ஏ.இ. சார் கிளம்பும் முன் இரண்டு விஷயம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று, நியூட்ரல் கரண்டை ஆம்பியரிலேயே ஸ்காடா ஸ்க்ரீனில் கொண்டு வரணும், 3 ஆம்பியர் பத்து நிமிஷம் தொடர்ந்து இருந்தால் அலாரம் அடிக்கணும். ட்ரிப் வேண்டாம், அலாரம் மட்டும். ட்ரிப் செட்டிங்குக்கும் தொடர்ச்சியாகத் தாங்கும் அளவுக்கும் நடுவில் 5-இல் இருந்து 30 வரை யாரும் காவல் காக்காத ஒரு இடைவெளி இருக்கிறது என்பதுதான் அவர் வாதம். நம்ம ப்ராஜெக்ட் பண்ற மக்கள் யாராவது எர்த்திங் டிரான்ஸ்ஃபார்மர் டிசைன் எடுத்தால் இந்த இடைவெளியை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, கான்ட்ராக்டர் ஆட்கள் கேபிளைத் தொடும் முன் நிரப்புகிற ஃபாரம். அதில் ‘வோல்டேஜ் டெஸ்ட் செய்யப்பட்டது’ என்று ஒரே கட்டம்தான் இருந்தது, டிக் அடித்தால் முடிந்தது. இப்போது ஆர், ஒய், பி என்று மூன்று கட்டம், கூடவே டெஸ்டரை முதலில் உயிரோடு இருக்கிற ஒரு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்ததுக்கு இன்னொரு கட்டம். அதை டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, லாமினேட் பண்ணி ஆறு பிளாக்கிலும் கொண்டுபோய் ஒட்டியது நான்தான். இன்டர்ன்னா வேற என்ன வேலை கொடுப்பாங்க.